தன் மூச்சையே சோதித்த மேதை ஹால்டேன்

கடலூர் மாவட்டத்தில், பீங்கான் சாமான்களுக்குப் பேர்போன விருத்தாசலத்தை அடுத்து இருக்கிறது ஸ்ரீமுஷ்ணம். அங்கே கோயில் கொண்டிருப்பவர் பூவராக சுவாமி. கடலுக்கு அடியில் போய்விட்ட பூமியை, பன்றி உருவம் எடுத்து, மூழ்கி, மேலே தூக்கி வந்தார் என்பது புராணம். மாசி மகத்துக்குச் சுவாமி கிள்ளைக் கடற்கரைக்குப் புறப்படுவார். வழிநெடுக ஜனங்கள் கூடுவார்கள்.

திருமாலின் பத்து அவதாரக் கதையைப் படித்தார் ஒரு வெள்ளைக்கார விஞ்ஞானி. முதலில் மீன். அடுத்தது ஆமை. மூன்றாவது பன்றி. பிறகு பாதி மிருகம், பாதி மனிதன். பிறகு குள்ள மனிதன். பிறகுதான் முழு மனிதன்.

உலகத்தில் உயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிய வரிசையும் ஏறக்குறைய இதுதானே என்று அவர் வியந்தார். எழுதியும் வைத்தார்.

அந்த விஞ்ஞானியின் பெயர் ஜே.பி.எஸ். ஹால்டேன். ஆங்கிலேயராகப் பிறந்தார், இந்தியராக இறந்தார். இடைப்பட்ட காலத்தில் அவரும் பல தடவை தண்ணீருக்கு அடியில் மூழ்கினார். விஷ வாயுவைச் சுவாசித்தார். இரும்புப் பெட்டிக்குள் தன்னைப் பூட்டிக் கொண்டார். எல்லாம் ஒரே ஒரு கேள்விக்காக. மனிதனுடைய இரத்தத்தில் காற்று எப்படி ஓடுகிறது? அது எப்போது மனிதனைக் காப்பாற்றும்? எப்போது கொல்லும்?

இன்று பெரிய ஆஸ்பத்திரியில், நினைவில்லாமல் கிடக்கும் நோயாளியின் காது மடலில் ஒரு பொத்தானை ஒட்டுகிறார்கள். ஊசி குத்தாமல், இரத்தத்தில் இருக்கும் வாயுவின் அளவு திரையில் தெரிகிறது. அந்தப் பொத்தானை ஹால்டேன் செய்யவில்லை. ஆனால் அதில் தெரியும் எண்ணுக்கு அர்த்தம் சொன்னவர்களில் அவரும் அவருடைய தந்தையும் முக்கியமானவர்கள்.

இரத்தம் கொடுத்த குழந்தை

1892-ம் ஆண்டு நவம்பர் மாதம் 5-ந் தேதி, இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் ஹால்டேன் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன். அவரும் விஞ்ஞானி. மூச்சைப் பற்றி ஆராய்வதே அவருக்குத் தொழில்.

மற்ற வீடுகளில் தகப்பனார் பிள்ளைக்குப் பொம்மை வாங்கிக் கொடுப்பார். இந்த வீட்டில் தகப்பனார் பிள்ளையின் விரலில் குத்தி இரத்தம் எடுப்பார். பிள்ளையும் அழாமல் கொடுக்கும்!

நாலு வயதில் சிறுவன் கீழே விழுந்து நெற்றியில் அடிபட்டுக் கொண்டானாம். இரத்தம் வழிந்ததாம். வேறு குழந்தையாக இருந்தால் வீறிட்டு அழுதிருக்கும். இவனோ, இந்த இரத்தத்தில் கலந்திருப்பது பிராணவாயுவா, வேறு வாயுவா என்று கேட்டானாம். இது அந்தக் குடும்பத்தைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. கொஞ்சம் மிகையாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்து வருவது கதை அல்ல. ஹால்டேனே பிற்காலத்தில் எழுதியது.

சுரங்கத்தில் ஒரு பாடம்

தந்தை ஒரு நாள் மகனை நிலக்கரிச் சுரங்கத்துக்கு அழைத்துப் போனார். இருட்டு. கூரை தாழ்ந்த இடம். கூரையை ஒட்டி ஒருவகை வாயு தேங்கி இருந்தது. சாண எரிவாயுவில் இருக்கிறதே மீத்தேன், அதுதான். காற்றைவிட லேசானது. அதனால் மேலேயே நிற்கும்.

தந்தை மகனை எழுந்து நிற்கச் சொன்னார். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் ஒரு நீண்ட பேச்சை ஒப்பிக்கச் சொன்னார். பையன் தொடங்கினான். சில வரிகள் போவதற்குள் மூச்சு வாங்கிற்று. கால் தள்ளாடிற்று. பொத்தென்று தரையில் விழுந்தான்.

தரையில் விழுந்ததும் மூச்சு சரியாகிவிட்டது! ஏனென்றால் கீழே நல்ல காற்று இருந்தது.

மீத்தேன் விஷம் அல்ல. அது பிராணவாயுவுக்கு இடம் இல்லாமல் செய்துவிடுகிறது, அதனால்தான் மூச்சு முட்டுகிறது. இந்தப் பாடத்தைப் பையன் சாகும் வரை மறக்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் ஒரு தகப்பன் இப்படிச் செய்யலாமா என்று நமக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. ஆனால் தன் மீது செய்து பார்க்காத எதையும் தந்தை ஹால்டேன் பிறர் மீது செய்ததில்லை.

விளக்கு அணையாது, குருவி விழும்!

நம் ஊரில் பாழுங்கிணற்றில் தூர் எடுக்க இறங்குவதற்கு முன்னால், கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கம் உண்டு. விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. நல்ல வழக்கம்தான். ஆனால் ஒரு விஷ வாயு உண்டு. அதற்கு விளக்கு அணையாது. அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு.

கரி சரியாக எரியாமல் கனியும்போது இந்த வாயு உண்டாகிறது. நிறம் இல்லை. வாசனை இல்லை. கண்ணும் எரியாது. பீங்கான் சூளையிலும் உண்டு. வீட்டுக் கரியடுப்பிலும் உண்டு. சூளை திறந்த வெளியில் இருந்தால் காற்று அடித்துக் கொண்டு போய்விடும். மூடிய அறை என்றால்தான் ஆபத்து.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் என்று ஒரு சிவப்புப் பொருள் இருக்கிறது. நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு உடம்பெல்லாம் கொண்டுபோய் இறக்குகிற வண்டி அது. கார்பன் மோனாக்சைடு வந்தால், பிராணவாயுவைத் தள்ளிவிட்டு வண்டியில் அது ஏறி உட்கார்ந்து கொள்கிறது. இறங்க மறுக்கிறது. வண்டி ஓடும். சரக்கு இருக்காது. ஆள் தூங்குவது போலவே செத்துப் போவான். உடல் சிவந்தே இருக்கும்.

சுரங்க வெடிவிபத்துகளில் இறந்தவர்களில் பெரும்பாலோர் தீயில் வெந்து சாகவில்லை, இந்த வாயுவால்தான் செத்தார்கள் என்று தந்தை ஹால்டேன் 1896-ம் ஆண்டு அறிக்கை கொடுத்தார். அதற்கு முன்பே அவர் ஓர் அறையில் உட்கார்ந்து இந்த வாயுவைச் சுவாசித்திருந்தார். தன் இரத்தத்தில் பாதிக்கு மேல் விஷம் ஏறும் வரை விடவில்லை. பக்கத்தில் ஒரு சுண்டெலியை வைத்திருந்தார். எலி முதலில் விழுந்தது. மனிதர் வெகுநேரம் கழித்தே தள்ளாடினார்.

சின்ன உயிருக்கு மூச்சு வேகம். அதனால் விஷம் சீக்கிரம் ஏறும். இதைக் கொண்டுதான், சுரங்கத்துக்குள் சுண்டெலியோ சிறு பறவையோ கொண்டு போகும்படி அவர் யோசனை சொன்னார். கூண்டில் கானரிக் குருவி இறங்கியது. குருவி சாய்ந்தால் தொழிலாளர்கள் வெளியே ஓடினார்கள். 1986-ம் ஆண்டு வரை பிரிட்டிஷ் சுரங்கங்களில் இந்தக் குருவிகள் வேலை பார்த்தன.

கோலி சோடாவும் கடல் மூழ்குபவனும்

1906-ம் ஆண்டு. மகனுக்கு வயது 13. ஸ்காட்லாந்துக் கடலில் தந்தை பரிசோதனை நடத்திக் கொண்டிருந்தார். மகனுக்கும் மூழ்கும் உடுப்பை மாட்டிவிட்டார்கள். பெரியவர்களுக்குத் தைத்த உடுப்பு. பையனுக்குத் தொளதொள என்று இருந்தது. மணிக்கட்டு வழியாகக் குளிர்ந்த கடல் நீர் உள்ளே புகுந்தது. சுமார் 40 அடி ஆழத்தில், நெஞ்சு மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. பையன் கலங்கவில்லை. தலைக் கவசத்துக்குள் வரும் காற்றைச் சரிசெய்து கொண்டு, சொன்ன நேரம் வரை இருந்து மேலே வந்தான்.

கடலுக்கு அடியில் வெகுநேரம் வேலை செய்தவன் சட்டென்று மேலே வந்தால் மூட்டு மூட்டாக வலிக்கும். சிலர் கைகால் விளங்காமல் போவார்கள். சிலர் செத்தே போவார்கள். ஏன்?

கோலி சோடாவைப் பாருங்கள். மூடி இருக்கும் வரை தெளிந்த தண்ணீராக இருக்கிறது. கோலியை அழுத்தியதும் குபுகுபுவென்று குமிழி பொங்குகிறது. ஆழத்தில் அழுத்தம் அதிகம். காற்று இரத்தத்தில் கரைந்து நிற்கும். மேலே வந்ததும் அழுத்தம் குறைந்து, இரத்தம் கோலி சோடாவாகி விடுகிறது!

எத்தனை அடி ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால், எங்கெங்கே நின்று நின்று மேலே வரவேண்டும் என்று தந்தை ஹால்டேன் அட்டவணை போட்டார். முதலில் ஆடுகளை வைத்துச் சோதித்தார், பிறகு மனிதர்களை. பிரிட்டிஷ் கடற்படை அதை ஏற்றுக் கொண்டது. உலகெங்கும் மூழ்குபவர்களின் உயிரைக் காக்கும் அட்டவணைகளுக்கு அதுவே வேர்.

மூச்சு முட்டுவது எதனால்?

மூச்சை அடக்கிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் தவிப்பு வந்துவிடும். பிராணவாயு தீர்ந்து போனதால் வரும் தவிப்பு என்றுதான் நினைப்போம்.

இல்லை! உள்ளே கரியமில வாயு சேர்ந்து போனதால் வரும் தவிப்பு அது. நம் மூச்சை ஓட்டும் சாட்டை கரியமில வாயுதான். 1905-ம் ஆண்டு தந்தை ஹால்டேனும் பிரீஸ்ட்லி என்ற இளைஞரும் இதைக் காட்டினார்கள்.

எப்படிக் காட்டினார்கள்? ஒரு நீண்ட ரப்பர் குழாய். அதில் பலமாக ஊதவேண்டும். ஊதி முடித்ததும் வாயை எடுக்காமல் நாக்கால் குழாயை அடைக்க வேண்டும். கடைசியாக வந்த காற்று, நுரையீரலின் அடி ஆழத்தில் இரத்தத்தோடு உறவாடிவிட்டு வந்த காற்று. அதைப் பிடித்து அளந்தால், இரத்தத்தில் கரியமில வாயு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரு சொட்டு இரத்தம் சிந்தவில்லை! ஊசி குத்தாமல் இரத்த வாயுவை அறியும் வித்தைக்கு இதுவே நல்ல தொடக்கம்.

இங்கே பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. குளத்திலும் கிணற்றிலும் நீந்தும் பிள்ளைகள், அதிக நேரம் முங்கி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வேகவேகமாகப் பல தடவை மூச்சு விடுவதுண்டு. இதனால் பிராணவாயு பெரிதாக ஏறுவதில்லை. கரியமில வாயு மட்டும் வெளியே போய்விடுகிறது. சாட்டை இல்லாத வண்டி ஆகிவிடுகிறது. தவிப்பு வருவதற்கு முன்பே பிராணவாயு தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே மயக்கம் போட்டுவிடும். நன்றாக நீந்தத் தெரிந்த பையன்களே இப்படிப் போயிருக்கிறார்கள். தடுத்து வையுங்கள்.

போர்முனையில் தந்தையும் மகனும்

மகன் ஹால்டேன் ஆக்ஸ்போர்டில் கணிதம் படித்தார். பிறகு கிரேக்கமும் லத்தீனும் தத்துவமும் படித்து முதல் வகுப்பில் தேறினார். விஞ்ஞானத்தில் அவருக்குப் பட்டமே கிடையாது! ஆனாலும் 1912-ம் ஆண்டிலேயே, ஹீமோகுளோபின் வாயுக்களை எந்தக் கணக்கில் ஏற்றுக் கொள்கிறது என்ற ஆராய்ச்சிக் கட்டுரையில் தந்தையின் பெயரோடு அவர் பெயரும் இருந்தது. கணக்குப் போட்டவர் அவர்தான்.

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. ஹால்டேன் படையில் சேர்ந்தார். 1915 ஏப்ரல் 22-ந் தேதி ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். பச்சை மஞ்சள் புகை தவழ்ந்து வந்தது. ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள்.

தந்தையை அரசாங்கம் பிரான்சுக்கு அனுப்பியது. போர்முனையில் இருந்த மகனைத் தந்தை வரவழைத்தார். ஓர் அறையில் குளோரினை நிரப்பினார்கள். இருவரும் உள்ளே போனார்கள். முகமூடியோடு எவ்வளவு நேரம் வேலை செய்ய முடிகிறது, முகமூடி இல்லாமல் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்தார்கள். நெஞ்சு எரிந்தது. இருமல் பிடுங்கியது. ஒருவர் முடியாமல் வெளியே வந்தால் அடுத்தவர் உள்ளே போனார். அந்தத் திணறல் தீருவதற்கு முன்பே ஹால்டேன் முனைக்குத் திரும்பினார், சண்டையில் காயம்பட்டார்.

பிறகு மெசபொட்டேமியா முனையில் மறுபடியும் காயம். உடம்பு தேற அவரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இந்த மண் அவருக்குப் பிடித்தது. ஆனால் ஆளுகிற சாதியில் ஒருவனாக இங்கே நடமாடப் பிடிக்கவில்லை. இந்தியா விடுதலை பெற்ற பிறகே திரும்புவது என்று முடிவு செய்து கொண்டார்.

நவச்சாரம் குடித்த பேராசிரியர்

போர் முடிந்ததும் மறுபடி ஆராய்ச்சி. இரத்தம் கொஞ்சம் புளித்தால் என்ன ஆகும் என்று அறிய ஆசைப்பட்டார். கரியமில வாயு கரைந்தால் இரத்தம் புளிப்புப் பக்கம் சாய்கிறது. சோடா கொஞ்சம் சுள்ளென்று இருப்பதும் இதனால்தான். அந்தப் புளிப்பைத்தான் மூளை கண்டுபிடித்து மூச்சை விரட்டுகிறது என்பது சந்தேகம்.

திராவகத்தை அப்படியே குடித்தால் பல்லும் தொண்டையும் வெந்து போகும். ஹால்டேன் யோசித்தார். நவச்சாரத்தைக் கரைத்துக் குடித்தார்! அது உள்ளே போனதும் ஈரல் அதைப் பிரித்து, ஒரு பாதியை மூத்திர உப்பாக்கி விடுகிறது. மறுபாதி திராவகமாக இரத்தத்தில் நிற்கிறது. சந்தேகம் சரியாயிற்று. மாடி ஏறினால் மூச்சு வாங்கிற்று. உட்கார்ந்திருந்தாலும் வாங்கிற்று. பல நாள் இந்த அவஸ்தை. (இதை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.)

இந்தப் பைத்தியக்கார வேலைக்கு ஒரு நல்ல பலனும் உண்டு. அந்நாளில் சில கைக்குழந்தைகளுக்கு இரத்தம் எதிர்ப்பக்கம் சாய்ந்து, கைகால் இழுத்து வலிப்பு வரும். ஐரோப்பிய வைத்தியர்கள் அளவாக நவச்சாரம் கொடுத்தார்கள். இழுப்பு நின்றது.

1923-ல் ஹால்டேன் கேம்பிரிட்ஜுக்குப் போனார். 1933-ல் லண்டனில் பேராசிரியர் ஆனார். பரம்பரைக் குணங்கள் தலைமுறை தலைமுறையாக எப்படிப் பரவுகின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டி உலகப் புகழ் பெற்றார். ஒருவகைப் பரம்பரை இரத்தசோகை, மலேரியா உள்ள நாடுகளில் ஏன் அதிகம் என்று கேட்டு, அந்தக் குறையே மலேரியாவிலிருந்து காப்பாற்றுகிறதோ என்று 1949-ல் ஊகம் சொன்னார். பிற்கால ஆராய்ச்சி அது சரி என்று காட்டியது. பத்திரிகைகளில் சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதினார்.

கோபக்காரர். யாரோடும் சண்டைக்கு நிற்பார். கம்யூனிஸ்டு கட்சியில் சேர்ந்தார். ரஷ்யாவில் லைசெங்கோ என்பவர் பரம்பரை விஞ்ஞானத்தையே பொய் என்று சொல்லி, நல்ல விஞ்ஞானிகளை ஒழித்துக் கட்டியபோது, ஹால்டேன் உரக்கக் கண்டிக்கவில்லை. சாக்குப்போக்குச் சொன்னார். அவருடைய வாழ்க்கையில் அது ஒரு கறை. பிறகு கட்சியை விட்டு விலகினார்.

99 பேரைக் கொன்ற பெயிண்டுத் துளி

1939 ஜூன் 1-ந் தேதி. தீட்டிஸ் என்ற புதிய நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் அருகே ஒத்திகைக்குப் போனது. உள்ளே 103 பேர். வழக்கமான ஆட்களைப் போல ஏறத்தாழ இருமடங்கு. கப்பல் கட்டிய தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள்.

குண்டு விடும் குழாயின் உள்கதவைத் திறக்கும் முன், குழாயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறு துவாரம் உண்டு. அந்தத் துவாரத்தைப் பெயிண்டு அடைத்திருந்தது. தண்ணீர் வரவில்லை, எனவே குழாய் காலி என்று நினைத்துக் கதவைத் திறந்தார்கள். வெளிக்கதவு திறந்தே இருந்தது. கடல் உள்ளே பாய்ந்தது!

கப்பலின் மூக்கு சேற்றில் குத்தி நின்றது. வால் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கரை கண்ணுக்கு எட்டும் தூரம். நாலு பேர் மட்டும் தப்பி வந்தார்கள். 99 பேர் மாண்டார்கள்.

தப்பும் கருவி உள்ளேயே இருந்தது. ஏன் மற்றவர்கள் தப்பவில்லை? தொழிற்சங்கங்கள் ஹால்டேனிடம் வந்தன. அவருக்கு வயது 46. ஸ்பெயின் போரில் சண்டையிட்டுத் திரும்பிய நாலு தொழிலாளர்களைச் சேர்த்துக் கொண்டார். ஐந்து பேரும் ஒரு இரும்புப் பெட்டிக்குள் புகுந்து கதவை மூடச் சொன்னார்கள். பதினாலரை மணி நேரம்!

வெளிக்காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் நாலு பங்குதான். பெட்டிக்குள் அது நூற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறியது. எல்லோருக்கும் மூச்சு இரைத்தது. தலை வெடிப்பது போல் வலித்தது. தப்பும் கருவியை வாயில் மாட்டி நல்ல பிராணவாயுவைச் சுவாசித்ததும் சிலருக்கு வாந்தி பிடுங்கிக் கொண்டது.

இதுதான் விடை. கப்பலில் இருந்தவர்களும் கரியமில வாயுவில் ஊறிப் போயிருந்தார்கள். யோசிக்கவும் முடியவில்லை, கருவியை வாயில் வைத்துக் கொள்ளவும் முடியவில்லை. விசாரணையில் ஹால்டேன் இதைச் சொன்னார்.

அடுத்து உலகப் போர். கடற்படையே அவரை அழைத்தது. பனிக்கட்டி மிதக்கும் நீரில் கிடந்தபடி கரியமில வாயுவைச் சுவாசித்தார். அழுத்தம் கூடிய பெட்டியில் சுத்தப் பிராணவாயுவைச் சுவாசித்தார். உயிர் கொடுக்கும் அதே பிராணவாயு, அழுத்தம் கூடினால் வலிப்பைக் கொடுக்கிறது! ஒரு தடவை வலிப்பு வந்த வேகத்தில் அவர் முதுகெலும்பு அடிபட்டது. அந்த வலி கடைசி வரை போகவில்லை. அவரோடு பெட்டிக்குள் புகுந்தவர்களில் ஹெலன் ஸ்பர்வே என்ற இளம் விஞ்ஞானியும் ஒருவர். 1945-ல் இருவரும் மணந்து கொண்டார்கள்.

காது மடலில் ஒரு பொத்தான்

ஹால்டேன் பெட்டிக்குள் பட்ட பாட்டை, நுரையீரல் கெட்ட நோயாளி கட்டிலில் படுத்தபடியே படுகிறார். மூச்சு ஆழமாக ஓடவில்லை என்றால் கரியமில வாயு வெளியே போகாது. இரத்தம் புளிக்கும். நோயாளி முதலில் தவிப்பார். பிறகு தூங்கி வழிவார். பிறகு எழுந்திருக்க மாட்டார். நன்றாகத் தூங்குகிறாரே என்று வீட்டார் சந்தோஷப்படுவார்கள்!

1952-ல் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியது. மூச்சுத் தசை விளங்காமல் போனவர்கள் நாள்தோறும் வந்தார்கள். பிராணவாயு கொடுத்தும் செத்தார்கள். கரியமில வாயு சேர்வதுதான் எமன் என்று இப்சென் என்ற டாக்டர் கண்டுகொண்டார். தொண்டையில் துளை போட்டு, குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சு ஊட்டச் செய்தார். சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக, மாதக்கணக்கில் பை அமுக்கினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்தது அங்கேதான்.

அன்று முதல் டாக்டர்களுக்கு இரத்த வாயுவின் அளவு மணிக்கு மணி தேவைப்பட்டது. வாயுவின் அழுத்தத்தை இரத்த அழுத்தம் போலவே எண்ணால் சொல்வார்கள். கரியமில வாயு சுமார் 40 இருக்க வேண்டும். 60, 70 என்று போனால் ஆபத்து. இதை அறிய மணிக்கட்டு நாடியில் ஆழமாக ஊசி குத்தி இரத்தம் எடுக்க வேண்டும். சாதாரண ஊசியைவிட இதில் வலி அதிகம். எடுத்த கணத்தின் நிலைதான் தெரியும். அடுத்த மணி நேரம் இருட்டு.

தவளை தோலாலும் மூச்சு விடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மனிதத் தோலும் மிகமிகக் கொஞ்சம் வாயுவைக் கசியவிடுகிறது. 1951-ல் அமெரிக்காவில் இருவர், விரலை 45 டிகிரிச் சூட்டு நீரில் வைத்தால், அந்த நீரின் பிராணவாயு இரத்தத்தின் அளவை நெருங்குகிறது என்று கண்டார்கள். சூடு பட்டால் தோலுக்கடியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து, புது இரத்தம் பாய்கிறது. அதுதான் சூட்சுமம். பிராணவாயுவை மின்சாரத்தால் அளக்கும் முனையை கிளார்க் என்ற அமெரிக்கர் 1956-ல் வெளியிட்டார். கரியமில வாயுவுக்கான முனை 1954-ல் ஸ்டோவ் என்பவரின் யோசனை. செவரிங்ஹாஸ் அதைச் செம்மைப்படுத்தினார். 1972-ல் ஜெர்மனியில் ஹூக் தம்பதியும் லூபர்ஸ் என்பவரும், சூடேறும் முனையைப் பச்சைக் குழந்தையின் தோலில் ஒட்டி அளந்தார்கள்.

இன்றைய பொத்தானை நோயாளியின் காது மடலிலோ, மார்பிலோ, முன்கையிலோ ஒட்டுகிறார்கள். 42 முதல் 44 டிகிரி வரை தோலைச் சூடாக்குகிறது. கசியும் கரியமில வாயு, உள்ளே இருக்கும் ஒரு துளி திரவத்தைப் புளிக்க வைக்கிறது. எவ்வளவு புளித்தது என்பதை மின்சாரம் சொல்கிறது. பத்து நிமிடம் போல ஆனதும் எண் நிலைத்து நிற்கும். சூட்டால் தோல் புண்ணாகாமல் இருக்கச் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை இடம் மாற்றுவார்கள்.

பச்சைக் குழந்தையின் தோல் மெல்லியது. பெரியவர்களின் தோல் தடித்தது. அதனால் பெரியவர்களிடம் பிராணவாயு எண்ணை அப்படியே நம்ப முடியாது. இரத்த அழுத்தம் விழுந்து, உடம்பு சில்லிட்டுக் கிடந்தால், தோலுக்கு இரத்தமே வராது, எண்ணும் விழுந்துவிடும். நுரையீரல் கெட்டதா, இரத்த ஓட்டம் கெட்டதா என்று டாக்டர் யோசிக்க வேண்டியிருக்கும். கரியமில வாயு எண் அவ்வளவு ஏமாற்றாது. அது பிராணவாயுவைவிடப் பல மடங்கு சுலபமாகச் சதையைக் கடந்து வரும். முதலில் ஒரு தடவை நாடி இரத்தம் எடுத்து ஒப்பிட்டுக் கொண்டு, பிறகு எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று இரவெல்லாம் பார்க்கிறார்கள். ஊசி அடியோடு ஒழிந்துவிடவில்லை, குறைந்திருக்கிறது.

2020-ல் கொரோனா வந்தபோது விரலில் மாட்டும் கருவி வீட்டுக்கு வீடு வந்தது. அது வேறு. ஒளியைப் பாய்ச்சி, இரத்தத்தின் சிவப்பைப் பார்த்துப் பிராணவாயுவைச் சொல்லும். கரியமில வாயுவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பிராணவாயுக் குழாய் வைத்திருக்கும் நோயாளிக்கு அது 97 என்று காட்டிக் கொண்டிருக்கும்போதே, உள்ளே கரியமில வாயு ஏறிக் கொண்டிருக்கலாம். இன்னொன்று. கரியடுப்பு வைத்த மூடிய அறையில் மயங்கியவர் விரலில் மாட்டினாலும் நல்ல எண்ணையே காட்டும்! கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தமும் சிவப்புத்தானே? ஆகவே எண்ணைப் பார்த்துக் கொண்டு நிற்காமல் கதவைத் திறந்து, ஆளை வெளியே தூக்கி, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இந்தியர் ஹால்டேன்

1957-ல் ஹால்டேனும் மனைவியும் இந்தியாவுக்கு வந்துவிட்டார்கள். கல்கத்தாவில் மகலனோபிஸ் நடத்திய புள்ளியியல் கழகத்தில் வேலை. 1961-ல் இந்தியக் குடியுரிமை பெற்றார். இந்திய உடை உடுத்தினார். மாமிசத்தை விட்டார். இராமாயணம், மகாபாரதம் படித்தார்.

விலை உயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்கிய இளைஞர்களை அவர் கண்டித்தார். கண் இருக்கிறது, எண்ணத் தெரியும், போதாதா என்று கேட்டார். அவருடைய குழுவில் டேவிஸ் என்பவர், தென்னை மரத்தில் மட்டைகள் இடப்பக்கமாகச் சுற்றி வருகின்றனவா, வலப்பக்கமாகவா என்று மரம் மரமாக எண்ணினார். பறவைகளைக் கொல்லாமல், கூண்டில் அடைக்காமல் ஆராய வேண்டும் என்று ஹால்டேன் எழுதினார். தன் உடலை அவ்வளவு வதைத்துக் கொண்டவர், பிற உயிரைத் தொடாமல் அறியும் வழியைத் தேடினார்.

கல்கத்தாவிலும் மேலதிகாரியோடு மனத்தாங்கல். ராஜினாமாச் செய்தார். 1962-ல் ஒரிசா அரசு புவனேசுவரத்தில் அவருக்கு ஆராய்ச்சி நிலையம் அமைத்துக் கொடுத்தது.

அடுத்த ஆண்டே குடலில் புற்றுநோய் தெரிந்தது. லண்டனில் அறுவை செய்தார்கள். படுக்கையிலேயே புற்றுநோயைக் கேலி செய்து ஒரு கவிதை எழுதினார். அறிகுறி கண்டதும் ஜனங்கள் வெட்கப்படாமல் டாக்டரிடம் போக வேண்டும் என்பதற்காகத்தான். புவனேசுவரத்துக்குத் திரும்பி, கடைசி வரை வேலை செய்தார்.

1964-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 1-ந் தேதி காலமானார். வயது 72.

தன் உடலைத் தான் வேண்டிய மட்டும் பயன்படுத்தியாகிவிட்டது, இனி மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதி வைத்திருந்தார். அதன்படி உடல் சிதைக்குப் போகவில்லை. ஆந்திராவில் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போனது. மூன்று வயதில் அப்பாவிடம் விரலை நீட்டியவரை, மாணவர்கள் மேசையில் வைத்துப் பாடம் படித்தார்கள்.